ஜூன் ஒன்றில் பிறந்த நாய்கள்

தம்பி, ஒரு சிறிய நாயை அதன் ஆயுள் முழுவதும் வைத்தியம் பார்த்து வளர்க்க என்ன செலவாகும் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட பிறகு கேட்கிறீர்கள் என்பது மட்டுமே அதில் உள்ள குறை. விடை சொல்வதற்கு முன் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உள.

முதலாவது, என் காலடியில் படுத்திருக்கும் இந்த நாய் என்னுடையது அன்று. இரண்டாவது, நான் திருச்சியில் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் இலக்கணம் நடத்தியவள். ஆகவே பேச்சு கொஞ்சம் புத்தகம் போல வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகனும் பொறுத்துக்கொள்கிறான், பெங்களூரில் இருந்துகொண்டு. தனியார் பள்ளி என்பதால் ஓய்வூதியம் கிடையாது என்பதையும் இதனோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மூன்றாவது, என் பெயர் மட்டுவார்குழலி. மலைக்கோட்டை அம்மனின் பெயர். இந்த ஆஸ்பத்திரியில் நாயின் பெயரையும் வளர்ப்பவர் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். பல ஆண்டுகள் இதே வராந்தாவில், "பிஸ்கட் மட்டுவார்குழலி!" என்று ஒரு குரல் எழும், அத்தனை பேர் திரும்பிப் பார்க்க நான் எழுந்து நிற்பேன். அந்தப் பெயரை எனக்குத் தேர்ந்தெடுத்து வைத்த என் தந்தை, அதைக் காதால் கேட்காமலே போய்ச் சேர்ந்தார். அவர் செய்த புண்ணியம்.

உங்கள் டோக்கன் பதினேழுதானே? இப்போதுதான் ஒன்பதை அழைத்திருக்கிறார்கள். நேரம் இருக்கிறது.

பிஸ்கட் என்று பெயர் வைத்தவன் என் மகன் அமுதன். கல்லூரியின் கடைசி ஆண்டில் ஒரு நண்பன் கொடுத்தான் என்று தூக்கிக்கொண்டு வந்தான். வெள்ளையாய், பஞ்சு உருண்டை போல, பொமரேனியன் என்றார்கள். பெண் நாய். மூன்றே மாதத்தில் அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. "ஆறு மாசம்மா. வீடு பாத்ததும் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான். அந்த ஆறு மாதம் பதினான்கு ஆண்டுகள் நடந்தது. என் வீட்டில் அந்நியச் சொல் ஒன்று நான்கு கால்களோடு திரிவதா என்று நான் அதற்கு "மாச்சில்" என்று பெயர் மாற்றினேன். பிஸ்கட்டுக்குத் தமிழ் அதுதான். ஒரு வாரம் "மாச்சில், மாச்சில்" என்று கூப்பிட்டேன். அது திரும்பியும் பார்க்கவில்லை. எதிர்வீட்டுச் சகாயமேரி வாசலில் நின்று "பிஸ்கட்டூ" என்று இழுத்தார்; அது வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடியது. அன்றைக்கே நான் தனித்தமிழில் ஒரு படி இறங்கிவிட்டேன்.

இறங்காதது கணக்கில். மாவட்ட நூலகத்தில் நாய் வளர்ப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துப் படித்தேன். சிறிய இன நாய்கள் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும் என்று அதில் அச்சிட்டிருந்தது. 'ஏறக்குறைய' என்ற சொல்லும் உடன் இருந்தது. அதை நான் மதிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு மருத்துவ வரவுசெலவுத் திட்டம் போட்டேன். தடுப்பூசி இவ்வளவு, குடற்புழு மருந்து இவ்வளவு, உண்ணிக்கு இவ்வளவு. எதிர்பாராத செலவு, ஆண்டுக்கு முந்நூறு ரூபாய். சிரிக்காதீர்கள். எதிர்பாராததையும் எதிர்பார்த்து எழுதிவிட்டோம் என்று எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. தபால் நிலையத்தில் நாய்க்கென்று தனிக் கணக்கு தொடங்கினேன். பன்னிரண்டாம் ஆண்டின் கடைசி நாளில் மீதி சுழியம். அவ்வளவு துல்லியம்!

திட்டத்தை இங்கேயே கொண்டுவந்து டாக்டர் நஸ்ரினிடம் காட்டினேன். அப்போது அவர் புதிதாக வந்திருந்த சின்னப் பெண். முழுவதும் படித்துவிட்டு, "அம்மா, இதுல கருத்தடை இல்லையே?" என்றார்.

"எவ்வளவு ஆகும்?"

"நாலாயிரம் வரும்."

"என் வீடு இரண்டாம் மாடி. அங்கே ஆண் நாய் ஏறி வர வாய்ப்பில்லை. ஆகவே அது தேவையற்ற செலவு."

"குட்டி போடறதுக்காக மட்டும் இல்லம்மா. பின்னாடி கட்டி கிட்டி வராம இருக்கவும்தான்..."

"பின்னால் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். நாலாயிரம் மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் பேருந்தில் போகவேண்டியவள் ஆட்டோவில் போனேன். இதை நினைவில் வையுங்கள். உங்களுடையதும் பெண்குட்டி போலத் தெரிகிறதே? வையுங்கள், வையுங்கள்.

மூன்றாம் ஆண்டு நவராத்திரியில் திட்டம் முதல்முறை விழுந்தது. நான் கொலு வைப்பவள். ஐந்தாம் படியில் செட்டியார் பொம்மை, எதிரே அவர் கடை. பிஸ்கட் அந்தச் செட்டியாரின் தலையைக் கடித்து விழுங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிற்றுக்குள் செட்டியார் கொண்டை தெளிவாகத் தெரிந்தது. நான்கு நாள் மருந்து, குளுக்கோஸ், மறுபடி எக்ஸ்ரே. செட்டியார் தாமாகவே வெளியேறினார், நாலாயிரத்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு. எதிர்பாராத செலவுக்கு நான் ஒதுக்கியதில் பதினான்கு ஆண்டுத் தொகை அது. நாய்க்கு ஆயுளே பன்னிரண்டு.

அப்போதுதான் சீட்டு என்ற எண்ணம் வந்தது. எங்கள் குடியிருப்பு உறையூரில் இருக்கிறது. அதில் ஆறு வீட்டில் நாய். வீட்டுக்கு மாதம் ஐந்நூறு. ஏலம் கிடையாது, குலுக்கல் கிடையாது. எந்த நாய்க்கு நோய் வருகிறதோ அந்த வீடு எடுத்துக்கொள்ளலாம். நாய்ச் சீட்டு. விதிகள் என் கைவண்ணம். பொருளாளர் யார் என்ற கேள்வியே எழவில்லை. நான் எழ விடவில்லை.

முதல் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில், மோட்டார் அறைக்குப் பக்கத்தில் நடந்தது. உறுப்பினர்களோடு நாய்களும் வந்திருந்தன. கீழ்வீட்டு பாலசுந்தரம், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், தம் லேப்ரடார் டைகரைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு, அல்லது அது அவரைப் பிடித்துக்கொண்டு, நின்றார். சகாயமேரி ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவருக்கு ராஜா என்று ஒரு டேஷண்ட் நாய், குட்டைக் கால், நீள உடம்பு. விதிகளை வாசித்தேன். பன்னிரண்டு வயது நிறைந்த நாய்க்குச் சீட்டிலிருந்து தொகை கிடையாது என்பது ஏழாம் விதி. அதற்குப் பிறகு வருவது நோயன்று, வயது. வயதுக்கு யாரும் பணம் கட்ட முடியாது என்று விளக்கமும் சொன்னேன். ராஜாவுக்கு அப்போது எட்டு. மற்றவை எல்லாம் இளசுகள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அடுத்து, நாய்களின் பிறந்த தேதி. ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. "மழைக்காலம்", "எங்க அண்ணன் கல்யாணத்துக்கு முன்னாடி" என்றெல்லாம் சொன்னார்கள். பள்ளியில் நான் பார்க்காததா? ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது தேதி தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு நாங்களே போடுவதுதான். ஆண்டை மட்டும் கேட்டுக்கொண்டு, ஆறு நாய்களுக்கும் ஜூன் ஒன்று என்று எழுதினேன்.

பாலசுந்தரம் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர் இது, எல்லாம் ஒரே நாள்ல பொறந்துச்சா? டைகரை ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கப் போறீங்களா?"

"சேர்த்தாலும் தேறாது" என்றேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் தேதி நிறைவேறிவிட்டது.

சீட்டு நன்றாக நடந்தது. ஒன்றாம் தேதி காலை என் வீட்டுக் கதவுக்கு அடியில் ஐந்து உறைகள் வந்து விழும். நான் ஆறாவதை வைப்பேன். இதற்கிடையே பிஸ்கட் பருத்துக்கொண்டே வந்தது. என் வீட்டில் அதற்குத் தயிர்சாதம் மட்டும்தான். எப்படிப் பருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. டாக்டர் நஸ்ரின் அதன் வாயை முகர்ந்துவிட்டு, "நெத்திலி போடறீங்களாம்மா?" என்றார். நான் சைவம். எதிர்வீட்டைப் பற்றி அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. சகாயமேரியிடம் கேட்டேன். "நானாப் போடல டீச்சர், அதுவா வந்து சாப்பிடுது" என்றார். இப்படிப்பட்டவரோடு விதிகளைப் பற்றி என்னவென்று பேசுவது?

நான்கு ஆண்டுகள் கழித்து ஓர் ஆடி மாதத்தில் ராஜாவுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது. சகாயமேரி என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"டீச்சர், சீட்டுப் பணம் வேணும். டிரிப் ஏத்தணும், டெஸ்ட் எடுக்கணும்னு சொல்றாங்க."

"ராஜாவுக்கு ஜூன் ஒன்றோடு பன்னிரண்டு நிறைந்துவிட்டது, மேரி."

"ஜூன்ல எங்க டீச்சர் பொறந்தான்? அவன் பொங்கலுக்குப் பொறந்தவன். அந்த வருசம் பொங்கல் முடிஞ்சு அடுத்த நாள். இப்ப அவனுக்குப் பதினொண்ணரைதான்."

"அப்படியானால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் ஆண்டையும் தவறாகச் சொல்லியிருக்கிறீர்கள்."

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சிட்டிருந்தீங்க. நானும் சிரிச்சிட்டேன்."

பதிவில் இருப்பதுதான் சான்று என்று நான் சொன்னேன். ஒருவருக்கு மாற்றினால் எல்லோரும் கேட்பார்கள் என்றும் சொன்னேன். பள்ளியில் எத்தனை பெற்றோர் என்னிடம் அழுதிருக்கிறார்கள், ஒரு மாதம் குறைத்துப் போடுங்கள், ஒரு வாரம் கூட்டிப் போடுங்கள் என்று! நான் அசைந்ததே இல்லை. சகாயமேரி, "சரி டீச்சர்" என்று மட்டும் சொன்னார். வாதாடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்; மறுமொழிகள் எல்லாம் தயாராக இருந்தன. அவர் போய்விட்டார். தம் வீட்டு ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டித் தாமே ராஜாவுக்கு ஏற்றினார். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முன்பே ராஜா போய்விட்டான். நான் துக்கம் விசாரிக்கப் போனேன். பிஸ்கட் எனக்கு முன்னால் ஓடிப் போய், ராஜா படுக்கும் சாக்கை முகர்ந்துவிட்டு, அதிலேயே படுத்துக்கொண்டது. கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. அவமானமாக இருந்தது. அன்று மாலை வரை அது அங்கேயே இருந்தது.

என் உண்மையான குறை இனிமேல்தான் வருகிறது, தம்பி. செப்டம்பர் ஒன்றாம் தேதி காலை என் கதவுக்கு அடியில் ஐந்து உறைகள். எண்ணிப் பார்த்தேன். நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது சகாயமேரியுடையது. ஐந்நூறு ரூபாய். எதிரே போய்க் கதவைத் தட்டினேன்.

"மேரி, உங்களிடம் இப்போது நாய் இல்லையே?"

"இல்ல டீச்சர்."

"நாய் இல்லாதவர் நாய்ச் சீட்டில் எப்படி உறுப்பினராக இருக்க முடியும்? எழுவாய் இல்லாமல் வாக்கியமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒண்ணாந்தேதியானா கை தன்னால போகுது."

"இதை நான் சீட்டில் சேர்க்க முடியாது. விதியில் இடமில்லை."

"சேக்காதீங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்."

திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. கதவுக்கு அடியில் தள்ளினேன். மறுநாள் என் கதவுக்கு அடியில் வந்தது. மாதாமாதம் இது நடந்தது. கடைசியில் ஒரு மஞ்சள் பையை எடுத்து, அதன் மேல் 'வகைப்படுத்தப்படாத தொகை' என்று துண்டுத்தாள் ஒட்டி, பீரோவின் மேல்தட்டில் வைத்தேன். ஒவ்வொரு மாதமும் உறையை அதில் போடும்போது எனக்கு எரிச்சல் வரும். எல்லாவற்றுக்கும் இடம் உள்ள ஒரு பீரோவில் இடமில்லாத ஒன்று. ஆண்டுக் கூட்டத்தில் இதைப் புகாராகவே எழுப்பினேன். பாலசுந்தரம், "பணம் தர்றாங்கன்னு ஒருத்தர் மேல புகார் குடுக்கறது நான் பேங்க்ல கூடப் பாத்ததில்ல டீச்சர்" என்றார். அந்த மனிதருக்கு நிர்வாகம் என்றால் என்னவென்றே தெரியாது.

பிஸ்கட்டுக்குப் பன்னிரண்டு நிறைந்த அந்த ஜூன் ஒன்றாம் தேதி நான் கேசரி கிண்டினேன். கொண்டாட்டம் என்று எண்ணவேண்டாம். ஒரு திட்டம் குறித்த நாளில் முடிந்ததற்காக. தபால் நிலையக் கணக்கில் சுழியம். நாய் மட்டும் மீதி இருந்தது.

அந்த வாரமே சகாயமேரி வீட்டில் பிஸ்கட் மல்லாந்து படுத்து வயிற்றைச் சொறியச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் சொறிந்துகொண்டே இருந்தவர் கையை நிறுத்தினார்.

"டீச்சர், இங்க வாங்க. கையை வைங்க."

வைத்தேன். பால்மடியில், நெல்லிக்காய் அளவில், கல் போல ஒன்று.

அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போனேன். அங்கிருந்த மருத்துவர் நல்ல மனிதர். வயதான நாய், மயக்கத்தில் வைத்துக் கண்காணிக்கக் கருவி வேண்டும், அந்த வசதி உள்ள இடத்தில் செய்யுங்கள் என்றார். ஆகவே இங்கே வந்தேன். டாக்டர் நஸ்ரின் ரத்தம் எடுத்தார், மார்பை எக்ஸ்ரே எடுத்தார், பரவவில்லை என்றார்.

"சீக்கிரம் எடுத்துடணும்மா. விட்டா உடைஞ்சு புண்ணாயிடும். அப்புறம் ரொம்பக் கஷ்டப்படும்."

"எவ்வளவு ஆகும்?"

"ஆபரேஷன், மயக்க மருந்து, கட்டியை டெஸ்டுக்கு அனுப்பறது, மருந்து எல்லாம் சேத்து இருபத்தெட்டாயிரம்."

"கருத்தடை செய்திருந்தால்?"

அவர் மேசையைப் பார்த்தார். "அப்பவே பண்ணியிருந்தா பெரும்பாலும் வந்திருக்காதும்மா."

அந்த அறையிலேயே நின்று கழித்துப் பார்த்தேன். நாலாயிரத்தை மிச்சம் பிடித்ததில் இருபத்துநாலாயிரம் நட்டம். ஆட்டோச் செலவு தனி. பள்ளியில் இப்படி ஒரு கணக்கை யாராவது போட்டிருந்தால் கணக்கு வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

அமுதனுக்குத் தொலைபேசினேன். மாதாமாதம் பணம் அனுப்புகிறவன் அவன். அவன் பணத்தில் ஒரு காசு நாய்க்குப் போகாது என்று பன்னிரண்டு ஆண்டுக்கு முன் அவனிடம் நானே சொல்லியிருந்தேன். ஆகவே கேட்கவில்லை, தெரிவித்தேன். "அம்மா, அதுக்கு வயசாயிடுச்சும்மா. பன்னெண்டுதான் லைஃப்னு நீங்கதானே சொன்னீங்க? இனிமே கத்தி வெச்சு எதுக்கும்மா கஷ்டப்படுத்திக்கிட்டு..." என்றான். அவன் சொன்னது அப்படியே ஏழாம் விதியின் விளக்கம். என் வாக்கியம், என் மகன் வாயில். அதில் ஒரு சொல்லைக்கூட என்னால் திருத்த முடியவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் பிஸ்கட் என் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்குகிறது.

செய்தி குடியிருப்பில் பரவியது. மாடிப்படியில் பாலசுந்தரம் மடக்கினார்.

"டீச்சர், சீட்டுல முப்பதாயிரத்துக்கு மேல இருக்கு. எடுத்துக்குங்க."

"பிஸ்கட்டுக்குப் பன்னிரண்டு நிறைந்துவிட்டது."

"அடப் போங்க டீச்சர்! ஜூன் ஒண்ணுங்கறது நீங்க போட்ட தேதிதானே? அடிச்சிட்டு ஆகஸ்ட் ஒண்ணுன்னு போடுங்க. நாயா வந்து கேக்கப் போவுது?"

நாய் வந்து கேட்காது. அது எனக்கும் தெரியும். கேட்கக்கூடியவர் எதிர்வீட்டில் இருந்தார். அவரும் கேட்கமாட்டார் என்பதுதான் என்னைத் தடுத்தது. "விதி விதிதான், சார்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

கையில் இரண்டு வளையல் இருந்தன. அவற்றை அடகு வைப்பதென்று முடிவு செய்தேன். கல்யாணத்தின்போது போட்டவை. அப்போதைய மணிக்கட்டு வேறு, இப்போதைய மணிக்கட்டு வேறு என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. சமையலறைத் தொட்டியில் நின்று சோப்புப் போட்டு இழுத்தேன். வரவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பு போட்டேன். வரவில்லை. இரு கையிலும் முழங்கை வரை நுரை. பிஸ்கட் என்னைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. அந்தக் குரைப்பைக் கேட்டுச் சகாயமேரி உள்ளே வந்தார்.

"என்ன டீச்சர், யாரு வீட்டுக் கல்யாணம்?"

"சும்மாதான். இறுக்கமாக இருக்கிறது."

"முப்பது வருசமா இறுக்கமா இல்லாதது இன்னைக்குத்தான் இறுக்குதா? குடுங்க கையை." தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்தார். நர்ஸ் கை, வலிக்கவில்லை. கொஞ்சம் தேய்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "அடகுக்கா?"

நான் வளையலை மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

"சீட்டுப் பணத்தை எடுக்க மாட்டீங்க."

"எடுக்க முடியாது, மேரி. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்." என் கையைத் துடைத்துவிட்டார். "அந்த மஞ்சப் பை எங்க இருக்கு?"

"எது?"

"மாசாமாசம் நான் போட்டது. அதுல எவ்வளவு இருக்கு?"

தொகை என் நாக்கு நுனியில் இருந்தது. "இருபத்தொன்பதாயிரம்."

"அது சீட்டுப் பணமா?"

"இல்லை. அதைச் சீட்டில் சேர்க்க விதியில் இடமில்லை என்று அன்றைக்கே..."

"சீட்டுப் பணம் இல்லன்னா அதுக்கு ஏழாம் விதி எப்படி டீச்சர் பொருந்தும்?"

தம்பி, முப்பத்தோர் ஆண்டுகள் நான் மாணவர்களை மடக்கியிருக்கிறேன். என்னை ஒருவர் இப்படி, என் சொற்களாலேயே, எண்ணெய்க் கையோடு நிற்கும்போது மடக்கியதில்லை. வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. முறைப்படி அது சரியான வாதம். ஆகவே எனக்கு ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. அதனால்தான் ஒப்புக்கொண்டேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

"ஆனால் அது ராஜா பேரில் நீங்கள் கட்டியது" என்றேன்.

"ராஜாவுக்கு ஒரே ஒரு சிநேகிதிதான் டீச்சர் இருந்தா" என்று பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டார். "அவன் செத்த அன்னைக்கு அவன் சாக்குல படுத்து எழுந்திரிக்காம இருந்தாளே, நீங்ககூட வந்து திட்டினீங்களே."

நான் திட்டவில்லை. கூப்பிட்டேன். அதைத் திருத்தத்தான் வாயைத் திறந்தேன். வெங்காயம் அரியாமலே கண் கரித்தது. சோப்பு நுரை பட்டிருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை ஒரு வெள்ளிக்கிழமை காலை. இதே பெஞ்சில்தான் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நான் மனத்துக்குள் அபிராமி அம்மையை வேண்டிக்கொண்டிருந்தேன். சகாயமேரி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். எப்போதோ நடுவில் அவர் மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், நிஜமாவே இது எப்பப் பொறந்துச்சு?"

"தெரியாது, மேரி" என்றேன். ஒரு கேள்விக்குத் தெரியாது என்று நான் பதில் சொன்ன அரிய தருணங்களில் அதுவும் ஒன்று.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பிஸ்கட் மட்டுவார்குழலி!" இருவரும் சேர்ந்து எழுந்தோம். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு எனக்குக் கூச்சமாக இல்லை. டாக்டர் நஸ்ரின் கதவைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு முழிச்சிடுச்சும்மா. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் வாங்க" என்றார். விதிப்படி உரிமையாளர்தான் போகவேண்டும். நான் சகாயமேரியைப் பார்த்தேன். இருவரும் போனோம்.

இதோ, டோக்கன் பதினைந்து போகிறது. உங்கள் முறை நெருங்கிவிட்டது. ஆகவே அதன் பின்பு முடிவானவற்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

இருபத்தெட்டாயிரம் போக மஞ்சள் பையில் ஆயிரம் மிஞ்சியது. அதற்கு நெத்திலி வாங்கப்பட்டது, என் ஒப்புதலோடு, சமைத்தது எதிர்வீட்டில்.

அடுத்த கூட்டத்தில் ஏழாம் விதியை நீக்கும்படி நானே முன்மொழிந்தேன். விவாதம் வரும் என்று நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஒருவரும் விவாதிக்கவில்லை. பாலசுந்தரம், "அப்பாடா" என்றார். பொருளாளர் பதவியையும் விட்டு விலகினேன். தடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது சகாயமேரிதான் பொருளாளர். உறைகளை எண்ணுவதில்லை, எடை பார்க்கிறார் போல.

கருத்தடை: அன்றைக்கு நாலாயிரம், இன்றைக்கு எவ்வளவு என்று உள்ளே கேளுங்கள். எவ்வளவு சொன்னாலும் செய்யுங்கள். பேருந்தில் வீட்டுக்குப் போங்கள்.

பிஸ்கட் அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. சென்ற ஆகஸ்டில், தையல் மிஷினுக்கு அடியில், தூக்கத்திலேயே. வரவுசெலவுத் திட்டத்தில் அந்த ஆண்டுகளுக்குப் பத்தியே இல்லை. தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டே போனேன். பின்பு தாளும் போதவில்லை.

அமுதன் பெங்களூரில் இருந்து வந்தான், இரண்டு நாள் விடுப்பில். கூடத்தில் நின்றுகொண்டு, "மாச்சில்னு ஒரு தடவை கூப்பிடுங்கம்மா" என்றான். கூப்பிடவில்லை.

ஒன்றாம் தேதி காலையில் ஓர் உறை சகாயமேரியின் கதவுக்கு அடியில் போகிறது. ஐந்நூறு ரூபாய். என்னிடம் நாய் இல்லை. உறுப்பினர் விலகுவதற்கு விதி எழுத நான் மறந்துவிட்டேன், அதனால்தான் கட்டுகிறேன். அதை அவர் ஒரு மஞ்சள் பையில் தனியாகப் போட்டு வைத்திருப்பதாகக் கேள்வி. ஆகவே, தம்பி, ஒரு நாயின் ஆயுட்செலவு எவ்வளவு என்ற உங்கள் கேள்விக்கு என்னால் விடை சொல்ல இயலாது. கணக்கு இன்னும் முடியவில்லை.

இந்த நாய் சகாயமேரியுடையது. எங்கள் தெருமுனையில் மழையில் நனைந்துகொண்டு நின்றது. ராணி என்று பெயர். அவருக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியவில்லை. அதனால் தடுப்பூசிக்கு நான் கூட்டி வந்தேன். கருத்தடை சென்ற மாதமே முடிந்தது. சீட்டில் சேர்க்கும்போது, "பொறந்த தேதி தெரியாது டீச்சர், நீங்களே போடுங்க" என்றார். பொங்கலுக்கு அடுத்த நாள் என்று போட்டேன். ஆதாரம் எதுவும் கிடையாது.